உள்ளே விழுந்த தழும்பு

பாக்கியம் வேலைக்குப் போனால் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் எழுந்து போக வேண்டும். போனால் மேஜையில் துணி குவியும். குவிந்தால் மேற்பார்வை பார்க்கும் மதாம் அனி பின்னால் வந்து நின்றுகொள்வாள். ஒன்றும் பேச மாட்டாள், நிற்பாள், அவ்வளவுதான். அதற்குப் பயந்தே அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் காலையில் ஒரு கோப்பைத் தேநீரோடு தொண்டையை மூடிக்கொண்டார்கள்.

வக்குவாவில் கம்பளிச் சட்டை பின்னும் தொழிற்சாலை அது. அங்கே இயந்திரம் பின்னிப் போடும் துணியில் கண்ணி விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துக் கையால் சரிசெய்வது பாக்கியத்தின் வேலை. மேஜைக்கு அடியிலிருந்து விளக்கு எரியும். துணியை அதன்மேல் விரித்தால் ஓட்டை வெளிச்சமாகத் தெரியும். அதே நிற நூலைக் கொக்கி ஊசியில் எடுத்து, விட்டுப்போன கண்ணியைத் தூக்கி, பக்கத்துக் கண்ணியோடு சேர்க்க வேண்டும். சட்டை பிரான்சுக்குப் போகும். அங்கே அதைப் போட்டுக்கொள்கிறவனுக்கு ஓட்டை இருந்ததே தெரியக்கூடாது.

நான் பாக்கியத்தின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவன். பெயர் விஸ்வம். அவர்களுக்கு நான் ‘மிஸ்யே’, அதாவது சார். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். சாமி, சாப்பாடு, உறவுமுறை, இதற்கெல்லாம் மட்டும் தமிழ் வரும். பாக்கியம் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். முதல் வாரம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு பழகிவிட்டது. அவர்கள் பேசியதை என் காதில் விழுந்தபடி என் தமிழில் எழுதுகிறேன். வேறு வழியில்லை.

வீட்டில் மூன்று பேர். பாக்கியம், அதே தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கும் அவள் புருஷன் கோபாலன், அவனுடைய அக்கா பொன்னம்மா. பொன்னம்மா புருஷனை இழந்தவள். அடுப்பும் விரதமும் அவள் ஆட்சி. காவடி வருகிறதென்றால் பத்து நாளைக்கு அந்த வீட்டில் பாத்திரம் வேறு, பாய் வேறு, பேச்சுகூட வேறு. வாசலில் முட்டை வாசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போய்விடுவாள். ஒருமுறை என்னை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாள். வாத்தியார் வேலைக்கு வந்தவனுக்கு இதுவும் ஒரு பரீட்சை.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் கோபாலனின் முதுகு. வருஷா வருஷம் முதுகு நிறைய வேல் குத்திக்கொண்டு காவடி எடுப்பான். காவடி முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, தெருப் பெண்கள் நாலைந்து பேர் பார்த்திருக்க, பொன்னம்மா அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி விரலால் முதுகு முழுக்கத் தடவிப் பார்ப்பாள். ஒரு தழும்பு இருக்காது. வீட்டில் எல்லாரும் விரதம் சுத்தமாக இருந்தால் தழும்பு விழாது, யாராவது வாயைக் கெடுத்துக்கொண்டால் விழும் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த தெரு வீரசாமிக்கு இரண்டு விழுந்துவிட்டது. அவன் மகளின் கல்யாணப் பேச்சில்கூட அதை எடுத்தார்கள்.

அந்த வருஷமும் முதுகு சுத்தமாகத்தான் இருந்தது. தெருப் பெண்கள் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பாக்கியம் மேஜைமேல் மயங்கி விழுந்தாள்.

முதுகுவலியும் குளிர்க்காய்ச்சலும் அவளுக்குப் புதிதல்ல. சில வருஷமாகவே வரும், போகும். பொன்னம்மா ஏதாவது இலையைக் கொதிக்க வைத்துக் கஷாயம் கொடுப்பாள். காய்ச்சல் இறங்கும், மறுநாள் வேலைக்குப் போவாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். முதுகுவழியாக ஊசி விட்டுச் சோதனைக்குச் சிறுநீரகத்தில் இம்மியளவு சதை எடுத்த பிறகுதான் விட்டார்கள். சோதனை முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்ட அன்று, “மிஸ்யே, நீங்க படிச்சவங்க, நீங்களும் வாங்க” என்று கோபாலன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். படித்தவன் தொல்காப்பியம்தான் படித்திருக்கிறேன். ஆனாலும் போனேன்.

டாக்டர் க்ளோட் இளைஞர். அவசரப்படாதவர். “பா பெர், மதாம்” என்றுதான் ஆரம்பித்தார். பயப்படாதீர்கள் என்று அர்த்தம். டாக்டர் அப்படிச் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது.

“சிறுநீரகத்துக்குள்ள மெல்லிசு மெல்லிசா குழாய் இருக்கு, கணக்கே இல்லை. ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவுல துளி இடம். அந்த இடத்துல சில செல்லுங்க சும்மா படுத்துக்கிடக்கும். பக்கத்துல காயம் பட்டா எழுந்து வரும். நார் போட்டு ஒட்டுப்போடும். வேலை முடிஞ்சதும் போயிடணும்.”

“போகலையா, தோக்தேர்?” என்றாள் பாக்கியம்.

“போகலை. உங்களுக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒட்டு. ஒட்டுப்போட்ட இடம் இறுகிப்போச்சு. இறுகின இடத்தை ஒட்டி இருக்கிற செல், இங்க இன்னும் காயம் இருக்கு போலன்னு எடுத்துக்குது. அதுவும் எழுந்து நார் போடுது. அதனால அடுத்த இடமும் இறுகுது. இப்ப காய்ச்சலே இல்லை. ஆனாலும் அது தானா நடந்துக்கிட்டிருக்கு.”

பாக்கியம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நூலை இழுத்துக் கட்டிட்டா பக்கத்துக் கண்ணி தாங்காது. அது விடும். அதையும் கட்டணும். அப்புறம் அதுக்குப் பக்கத்துல” என்றாள்.

“அதேதான், மதாம்.”

“அப்படிப் போன சட்டையை நாங்க ரெண்டாந்தரத்துல போட்டுடுவோம்.”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். “பாதி இன்னும் மெத்துன்னு நல்லா இருக்கு. பாதியை வச்சுக்கிட்டு ரொம்ப நாள் வாழலாம். அதுக்கு ஒண்ணு பண்ணணும். தண்ணி குடிக்கணும். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சக்தி உங்க சிறுநீரகத்துக்கு இப்ப இல்லை. வாய்வழியா போடாட்டி உள்ள காஞ்சுபோகும். காஞ்சா மிச்சம் இருக்கிறதும் புண்ணாகும், அங்கயும் இதே கதைதான். மாத்திரை தர்றேன். காய்ச்சல் வந்தா அன்னைக்கே வரணும். பட்டினி மட்டும் கூடவே கூடாது.”

கோபாலன் கேட்டான். “தோக்தேர், அதுக்குப் பேரு தழும்பா?”

“சிகாத்ரிஸ். ஆமா, தழும்புதான். கையில வெட்டுப்பட்டா வருமே, அதே தழும்பு. உள்ள இருக்கு, அவ்வளவுதான்.”

கோபாலன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்டாட்டிக்கு நோய் என்று கேட்ட பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் பொன்னம்மா கீரைச்சாறும் ரசமும் வைத்துக் காத்திருந்தாள். டாக்டர் சொன்னதைப் பாக்கியம் ஒன்றுவிடாமல் சொன்னாள். குழாய், நார், இறுகல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்த பொன்னம்மா, தழும்பு என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயோ! தழும்பா? நம்ம வீட்டுலயா?”

“உள்ளதான் அக்கா.”

“உள்ளயோ வெளியவோ, தழும்பு தழும்புதானே! யாரு வாயைக் கெடுத்தா? கரேம்ல யாரு வாயைக் கெடுத்தது?” கரேம் என்றால் விரதம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகத் தலையாட்டி மறுத்தேன். கோபாலனைப் பார்த்தாள். அவன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாக்கியம் அழ ஆரம்பித்தாள். “நான்தான் அக்கா. கரேம்ல ஒருநாள் லிஸின்ல குளிர் வந்து நடுங்கினேன். நர்ஸ் ஒரு கிண்ணத்துல சூப் கொடுத்தாங்க. வாயில வச்சப்புறம்தான் கோழின்னு தெரிஞ்சது. துப்பியிருக்கலாம். துப்பலை. சூடா இருந்துச்சு, முழுங்கிட்டேன்.”

லிஸின் என்றால் தொழிற்சாலை. அங்கே காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு விழுங்கிய ஒரு வாய் சூப். இதற்காகவா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பொன்னம்மா திட்டவில்லை. பாக்கியத்தின் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அவளும் அழுதாள். பாக்கியத்தின் உயிர் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. பாக்கியம் அந்த வீட்டுக்கு வந்தபோது பதினெட்டு வயதுப் பெண். பொன்னம்மா அவளைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள்.

“அழாதே. திரும்ப இருப்போம். பத்து நாள், சுத்தமா. விளக்கு வைக்கிற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது. நானும் உன்கூட இருக்கேன். முருகன் ஏத்துக்கிட்டா பரவுறது நிக்கும்.”

“டாக்டர் பட்டினி கூடாதுன்னாரே!” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “தண்ணி குடிக்காட்டி மிச்சமும் போயிடும்னு சொன்னாரே! நான் கேட்டேனே!”

“மிஸ்யே, நீங்க ஏரோப்ளேன்ல வந்தவங்க. எங்க ஆளுங்க கரும்பு வெட்டக் கப்பல்ல வந்தப்போ தோக்தேரா கூட வந்தாரு? வேல் வந்துச்சு.” பொன்னம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. “தழும்பு எப்படிப் பரவுதுன்னு அந்தப் பிள்ளை சொல்லிட்டாரு. யாராலன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

கோபாலனிடம் திரும்பினேன். “நீயாவது சொல்லுப்பா!”

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மறுநாளே விரதம் தொடங்கியது. பாக்கியம் மாத்திரையை மட்டும் விடவில்லை, ஆனால் அதையும் விளக்கு வைத்த பிறகுதான் விழுங்கினாள். வேலைக்கும் போனாள். வீட்டில் இருந்தால் பயமாக இருக்கிறது, மேஜையில் உட்கார்ந்தால் மறந்துவிடுகிறது என்றாள். வக்குவா வழக்கமாக நனைந்தே கிடக்கும் ஊர். அந்த வாரம் பார்த்து வெயில் அடித்தது. சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை ஜன்னல்வழியாகப் பார்ப்பேன். தினமும் கொஞ்சம் மெதுவாக வந்தாள். உதடு வெடித்திருந்தது. வாயில் தகரம் கடித்த மாதிரி இருக்கிறது என்றாள். விளக்கு வைத்த பிறகு ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுச் சுருண்டுகொள்வாள். கூடவே பொன்னம்மாவும் வாடினாள். ஆனால் பொன்னம்மாவுக்கு இருந்தது நல்ல சிறுநீரகம்.

டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் பஸ் நிறுத்தம் வரை போனேன். அங்கே கோபாலன் உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் எதற்கு வெளியே வந்தான் என்று தெரியவில்லை.

“மிஸ்யே, உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

உட்கார்ந்தேன்.

“கொதிகலன் பக்கத்துல நின்னிருக்கீங்களா? ஒரு வேளை விரதச் சாப்பாட்டுல அங்க நிக்க முடியாது. கண்ணு இருட்டும். கூட வேலை பார்க்கிற ஜான்-போல் மீனைக் கடுகு, மஞ்சள் போட்டு ஊறவச்சு டப்பால கொண்டுவருவான். ரொட்டிக்குள்ள வச்சுக் கொடுத்தான். தின்னுட்டேன்.”

“எப்போ?”

“கரேம்லதான்.”

“இந்த வருஷமா?”

“இந்த வருஷம், போன வருஷம், அதுக்கு முந்தியும். லிஸின்ல சேர்ந்ததுலேர்ந்து.” முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். “அக்கா தடவிப் பார்க்கிறப்போ ஒவ்வொரு வருஷமும் எனக்கு மூச்சு நிக்கும். இப்போ விழும், இப்போ விழும்னு. விழலை. தப்பிச்சிட்டேன்னு நினைச்சேன். தப்பிக்கலை மிஸ்யே. என் முதுகுல விழவேண்டியதெல்லாம் அவ உள்ள போய் விழுந்திருக்கு. ஒவ்வொண்ணா, வருஷா வருஷம்.”

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. “இதை ஏன் என்கிட்ட சொல்றே? அவகிட்ட சொல்லு. அவ ஒரு வாய் சூப்புக்காகச் சாகக் கிடக்குறா.”

“சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவா.”

“சொல்லாட்டி உன்னை விட்டுட்டுப் போயிடுவா!” என்றேன்.

பஸ் வந்தது. அவனும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. இரண்டு பேரும் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம்.

பாக்கியம் அன்று பாதி நாளிலேயே வந்துவிட்டிருந்தாள். அடுப்படித் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். விக்கல் எடுத்துக்கொண்டே இருந்தது. பொன்னம்மா விசிறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவே இல்லை, நேற்றும் துளிதான் என்று பொன்னம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் முதல்முறையாகத் தடுமாற்றம் கேட்டது.

கோபாலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து எதிரே உட்கார்ந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். மீன், ரொட்டி, ஜான்-போல், வருஷங்கள். கடைசியில், “உன் மேல விழுந்தது என்னோடது, பாக்கியம்” என்றான்.

“பாவி” என்றாள் பொன்னம்மா.

பாக்கியம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விக்கல் ஒருமுறை தூக்கிப்போட்டது.

“வருஷா வருஷமா?”

“ஆமா.”

“வயிறு நிறையவா?”

“ஆமா.”

“அக்கா,” என்று திரும்பினாள். “நீங்கதானே தடவிப் பார்த்தீங்க. தெருவே பார்த்துச்சே. ஏதாவது இருந்துச்சா?”

இல்லை என்று பொன்னம்மா தலையை அசைத்தாள்.

“வயிறு நிறைய மீன் தின்னவனுக்கு ஒண்ணும் இல்லை. ஒரு வாய் சூப் குடிச்ச எனக்குத் தழும்பு.”

“அதான் சொல்றானேடி, அவன் பாவம்தான் உன்மேல...”

“முருகனுக்கு இவன் முதுகு எது, என் இடுப்பு எதுன்னு தெரியாதா அக்கா?” விக்கலுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது. “அவ்வளவு கண்ணு தெரியாதவரா அவரு? நான் நம்பமாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. நான் தண்ணி குடிக்கலை. தோக்தேர் சொன்னதுதான்.” கையை நீட்டினாள். “தண்ணி கொடுங்க.”

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலில் வெயில் அப்படியே கிடந்தது. பொன்னம்மா பூஜை மாடத்தைப் பார்த்தாள், பாக்கியத்தின் உதட்டைப் பார்த்தாள். குடத்திலிருந்து அவளே மொண்டு கொடுத்தாள். பாக்கியம் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அப்படியே வாந்தியாக வந்துவிட்டது. மறுபடி குடித்தாள். அதுவும் தங்கவில்லை. கண் மேலே செருகியது.

கோபாலன் அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினான். எதிர்வீட்டு ராஜனின் டாக்ஸி வாசலில் நின்றதால் தப்பித்தோம். வழியெல்லாம் பொன்னம்மா பின் இருக்கையில் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். “கண்ணைத் திற, கண்ணைத் திற” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. முருகனைக்கூடக் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் க்ளோட் எங்களைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்கள். சிறுநீர் வழியில் குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு பையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். பை தட்டையாகக் கிடந்தது.

“காஞ்சுபோனதால வேலையை நிறுத்தியிருக்கு” என்றார் டாக்டர். “நல்லா இருந்த பாதி இருக்கே, அது மறுபடி ஆரம்பிக்கலாம். ஆரம்பிச்சாலும் பாதின்னு நான் சொன்னது இனிமே பாதியா இருக்காது. குறைஞ்சுதான் இருக்கும். ஆரம்பிக்காட்டி...” அவர் குனிந்து பையைப் பார்த்தார். “இருங்க. பையில ஏதாவது இறங்குதான்னு பார்ப்போம்.”

இருந்தோம். அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவள் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி இடத்தில், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செல்கள் நார் போட்டுக்கொண்டிருக்கும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசியது. யாரிடம் சண்டை போடுவது? வெளியிலிருந்து வந்த எதிரி இல்லையே.

மேலே உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு புட்டி தீர்ந்து இன்னொன்று மாட்டினார்கள். கோபாலன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பாக்கியம் கண்ணை மூடிக் கிடந்தாள். விக்கல் மட்டும் இடைவெளி விட்டு விட்டு வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து சொன்னாள். நாங்கள் அசையவில்லை. அவளும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னம்மாவை அப்போதுதான் பார்த்தேன். அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவள், ஈரத்துணி மேலே பட்டால்கூட மறுபடி குளிக்கிறவள், அன்றும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதத்தில் இருந்தவள், கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து அந்தப் பையை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.

“அக்கா, அதைத் தொடாதே. நர்ஸ் திட்டுவாங்க” என்றான் கோபாலன்.

அவள் காதில் வாங்கவில்லை. பையின் அடியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள்.

“சூடா இருக்குடா” என்றாள். “கொஞ்சம்தான். சூடா இருக்கு.”